இறாலும் ஆமையும் உலக வர்த்தக ஒப்பந்தமும்

(கடலோரக் கிளைச் செயலாளர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



சர்வதேச வர்த்தக ஒப்பந்தம் என்றால் டில்லியிலும் ஜெனீவாவிலும் கோட்டு அணிந்த கனவான்கள் கையெழுத்துப் போடும் காகிதம், அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நமது தோழர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றாலோ, வயிறு நிறைந்தவர்கள் பொழுதுபோக்காகப் பேசும் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த இரண்டு எண்ணமும் சரியல்ல. இந்த இரண்டு விஷயங்களும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் நமது கடற்கரைதான். முட்டிக்கொள்ளும் பொருள், இறால்.

2023-24-ம் வருஷம் இந்தியா 60,523 கோடி ரூபாய் பெறுமான கடல் உணவை வெளிநாடுகளுக்கு விற்றது. அதில் சுமார் 40,000 கோடி ரூபாய் உறைய வைத்த இறாலுக்கு மட்டும் கிடைத்தது. இதை வாங்குகிறவர்களில் முதல் இடம் அமெரிக்காவுக்கு. இறால் உரிக்கும் கொட்டகைகளில் ஐஸ் தண்ணீரில் நாள் முழுவதும் விரல் மரத்துப்போக நிற்கும் நமது பெண்களுக்கு இந்தக் கோடிகளின் கணக்கை யாரும் சொல்வதில்லை. அவர்கள் உரிக்கும் இறால் எந்தச் சட்டத்தின் கீழ் எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது, எந்தச் சட்டத்தின் கீழ் திருப்பி அனுப்பப்படுகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இழுவை மடி வந்த கதை

ஒரு காலத்தில் கேரளக் கடற்கரையில் இறாலைக் காயவைத்துத் தென்னைக்கு உரமாகப் போட்டார்கள். அவ்வளவு மலிவு. 1952-ல் இந்திய சர்க்காரும் நார்வே சர்க்காரும் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1953 முதல் கொல்லம் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் ஆரம்பமாயிற்று. மீனவர்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவது, ஜனங்களுக்கு அதிக மீன் கிடைக்கச் செய்வது என்று நோக்கம் எழுதப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்கு ஏற்பட்ட கிராக்கி அந்த நோக்கத்தை விழுங்கிவிட்டது. ஜனங்கள் சாப்பிடும் மத்தியையும் அயிலையையும் விட்டுவிட்டு, டாலர் தரும் இறாலுக்காகக் கடலின் அடித்தரையை வாரும் இழுவை மடி பரவியது. மீனவர் அல்லாத பணக்காரர்கள் விசைப்படகில் முதல் போட்டார்கள்.

இழுவை மடி இறாலை மட்டும் பார்த்துப் பிடிக்காது. சேற்றையும் குஞ்சு மீனையும் நண்டையும் ஆமையையும் சேர்த்தே வாரும். கட்டுமரக்காரரின் வலையையும் அறுக்கும். 1970-களில் சென்னையிலிருந்து கோவா வரையில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் நடந்த மோதல்களில் ரத்தம் சிந்தியது. அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் தமிழ்நாட்டில் 1983-ம் வருஷக் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் வந்தது. கரையோரக் கடல் நாட்டுப் படகுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கேரளத்தில் 1988-ல் மழைக்கால இழுவைத் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாள் தடைக்காலம் வந்தது. 2017-ல் அது 61 நாளாயிற்று. கடலைக் காப்பாற்ற வேண்டும் என்று இந்த நாட்டில் முதலில் தெருவில் இறங்கிக் கோரியவர்கள் கட்டுமரக்காரர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

ஆமை வழக்கு

ஆமைக்கு நுரையீரல் உண்டு. தண்ணீருக்குள் மீனைப் போல மூச்சு விட முடியாது. மணிக்கணக்கில் இழுக்கப்படும் மடிக்குள் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். இதற்கு ஒரு சாதாரணப் பரிகாரம் இருக்கிறது. மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தவேண்டும். இறாலும் சிறு மீனும் கம்பி இடுக்கு வழியாகப் பின்னால் போய்விடும். ஆமை கம்பியில் மோதி, பக்கத்தில் உள்ள துவாரத்தின் வழியாக வெளியேறிவிடும். அமெரிக்கா 1987-ல் தன் நாட்டு இறால் படகுகளுக்கு இதைக் கட்டாயமாக்க விதி செய்தது. 1989-ல் இன்னொரு சட்டம் போட்டது: ஆமைக்கு இதற்குச் சமமான பாதுகாப்பு கொடுக்காத நாடுகளின் இறாலை வாங்கக் கூடாது.

ஆரம்பத்தில் இந்தத் தடை கரீபியன் வட்டாரத்து நாடுகளுக்கு மட்டும்தான். அவர்களுக்கு மூன்று வருஷ அவகாசமும் கொடுத்தார்கள். பிறகு அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. தொடுத்தவர்களில் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களும் இருந்தன, அமெரிக்க மீனவர் சங்கம் ஒன்றும் இருந்தது. ஆமையின் மேல் உள்ள அக்கறையும், வெளிநாட்டு மலிவு இறாலின் மேல் உள்ள கோபமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டன! 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: 1996 மே 1 முதல் தடை உலகம் முழுவதற்கும். கரீபியன் நாடுகளுக்கு மூன்று வருஷம், ஆசிய நாடுகளுக்கு நாலே மாதம்.

இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் புகார் செய்தன. இந்த ஸ்தாபனம் 1995 ஜனவரியில் பிறந்தது. ஆனால் அது வைத்திருக்கும் மூலச் சட்டம் 1947-ம் வருஷத்து 'காட்' ஒப்பந்தம். அதன் 20-வது ஷரத்து ஒரு விதிவிலக்குத் தருகிறது: மனிதர், மிருகம், செடிகொடி ஆகியவற்றின் உயிரைக் காக்கவோ, தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தைக் காக்கவோ ஒரு நாடு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் பாரபட்சம் காட்டக் கூடாது, மறைமுகமான வியாபாரத் தடையாகவும் இருக்கக் கூடாது. 1998 அக்டோபர் 12-ந் தேதி மேல் முறையீட்டுக் குழு தீர்ப்புச் சொன்னது. ஆமை தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளம்தான். சட்டத்தின் நோக்கம் நியாயமானதுதான். ஆனால் அதை அமல் நடத்திய விதம் பாரபட்சமானது என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்கா விதிகளைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. மலேசியா மட்டும் திரும்பவும் வழக்காடி 2001-ல் தோற்றது. தடைச் சட்டம் நின்றுவிட்டது.

டில்லி சர்க்கார் ஜெனீவாவில் என்ன வாதம் செய்தது? எங்கள் நாட்டில் ஆமைக்குப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது, 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டம் இருக்கிறது என்றது. சட்டம் இருந்தது மெய். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் நமது படகுகளுக்கு ஏற்ற ஆமை விலக்குச் சட்டத்தைத் தயாரித்ததும் மெய். அதைப் படகுகளில் மாட்டவைக்கும் வேலைதான் நடக்கவில்லை. ஏற்றுமதிக் கம்பெனிகள் தங்கள் லாபத்திலிருந்து ஒரு பைசாவை இதற்காக எடுத்து வைக்க விரும்பவில்லை. சர்க்கார் அவர்களை வற்புறுத்தவும் இல்லை. இருபது வருஷம் இப்படியே போயிற்று. 2019-ல் அமெரிக்கா இந்தியாவின் கடலில் பிடித்த இறாலுக்குக் கதவை மூடியது. விலை இறங்கியது கம்பெனியின் தலையில் விடியவில்லை. படகுக் கூலிகள் தலையில் விடிந்தது.

ஆமைக்குக் கதவு, கிணற்றுக்கு?

இப்போது நான் சொல்லப் போவதைத்தான் தோழர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் கடலில் பிடித்த இறாலைத்தான் தடுத்தது. பண்ணையில் வளர்த்த இறாலுக்குத் தடை இல்லை. பண்ணைக் குட்டையில் ஆமை சாகாதல்லவா!

ஆமை சாகாது, வேறு என்ன செத்தது? 1990-களின் ஆரம்பத்தில் நாகப்பட்டினம் பகுதியிலும், ஆந்திராவில் நெல்லூர் பகுதியிலும் இறால் பண்ணைகள் காளான் போல் முளைத்தன. பெரிய கம்பெனிகள் நெல் வயலை வாங்கின. நிலத்தை வெட்டிக் குட்டையாக்கி, கடல் தண்ணீரைப் பம்பு வைத்து ஏற்றின. குட்டையின் உப்பு பக்கத்து வயலுக்கு ஊறியது. குடிதண்ணீர்க் கிணறு கரித்தது. மருந்தும் தீவனமும் கலந்த கழிவு நீர் வாய்க்காலில் விடப்பட்டது. மீனவர்கள் கடலுக்குப் போகும் வழி வேலி போட்டு மறிக்கப்பட்டது. ஒரு ஏக்கர் நெல் வயல் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் எத்தனை கைகளை அழைக்கும் என்பது கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே ஒரு ஏக்கர் குட்டைக்கு ஒரு காவல்காரரும் ஒரு மோட்டாரும் போதும். கூலி உயர்வுக்காகவும் சாகுபடிப் பாதுகாப்புக்காகவும் செங்கொடி பிடித்துப் போராடிய மண்ணில், அரிவாளுக்கு வேலையே இல்லாமல் செய்யும் ஒரு சாகுபடி வந்து சேர்ந்தது.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் முன்னின்று கிராமங்களைத் திரட்டினார், சத்தியாக்கிரகம் நடத்தினார், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவருடைய தத்துவத்திற்கும் நமது தத்துவத்திற்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் அவர் நின்ற இடம் சரியான இடம். 1996 டிசம்பர் 11-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் அடங்கிய பெஞ்சு தீர்ப்புச் சொன்னது: கடற்கரை ஒழுங்கு மண்டலத்திற்குள் உள்ள இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், அங்கே வேலை இழக்கும் தொழிலாளிகளுக்கு முதலாளிகள் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். இறால் ஏற்றுமதியால் வரும் வருமானத்தைவிட, அதனால் நிலத்திற்கும் நீருக்கும் ஜனங்களுக்கும் ஏற்படும் நஷ்டம் அதிகம் என்று கோர்ட்டு நியமித்த நிபுணர்களே கணக்குக் காட்டினார்கள். அந்நியச் செலாவணி, அந்நியச் செலாவணி என்று ஓயாமல் பேசுகிறவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் வேண்டுமா?

ஆனால் அந்தத் தீர்ப்பு பூரணமாக அமலாகவில்லை. மறு பரிசீலனை மனு, இடைக்கால நிறுத்தம் என்று வருஷங்கள் உருண்டன. கடைசியில் 2005-ல் பார்லிமெண்டில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நிறைவேறியது. பண்ணைகளுக்குக் கடற்கரை ஒழுங்கு மண்டல விதி பொருந்தாது என்று அந்தச் சட்டம் வழி செய்துவிட்டது. கோர்ட்டு மூடிய கதவைச் சட்டம் திறந்துவிட்டது!

தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். 1996 மே மாதம் அமெரிக்கத் தடை. 1996 டிசம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஒரே வருஷம், ஒரே சரக்கு. ஜெனீவாவில் ஆமைக்காகச் சட்டப் புத்தகங்கள் புரட்டப்பட்டன. நாகைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அங்கே பேச ஒரு நாதி இல்லை. வாங்குகிறவன் நாட்டுச் சட்டம் எதைக் கேட்கிறதோ அதைப் பற்றித்தான் அங்கே விவாதம். அமெரிக்கக் கடைக்காரரின் கண்ணுக்கு ஆமை தெரிகிறது. உப்பாகிப்போன கிணறும், வேலையற்றுப்போன விவசாயத் தொழிலாளியும் தெரிவதில்லை. ஆமையைக் காக்கும் சட்டமே பண்ணை முதலாளிக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது என்றால், அதில் ஆமையின் குற்றம் ஒன்றும் இல்லை.

தராசு யார் கையில்?

இது இறாலுக்கு மட்டும் உள்ள கதையா? இல்லை. இந்தியா 2010-ல் சூரிய மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு பகுதிக்கு உள்நாட்டில் செய்த தகடுகளையே உபயோகிக்க வேண்டும் என்று விதி வைத்தது. கரியைக் குறைக்கும் திட்டம். நமது ஆலைகளுக்கும் வேலை. அமெரிக்கா 2013-ல் புகார் செய்தது. 2016 செப்டம்பரில் மேல் முறையீட்டுக் குழு இந்தியாவுக்கு எதிராகத் தீர்த்தது. இங்கே சுற்றுச்சூழல் வாதம் எடுபடவில்லை! அமெரிக்க மாகாணங்கள் எட்டில் இதே மாதிரி உள்ளூர்ச் சரக்குச் சலுகைகள் இருந்ததை இந்தியா எடுத்துக் காட்டி, 2019 ஜூனில் விசாரணைக் குழுவில் ஜெயித்தது. அமெரிக்கா மேல் முறையீடு செய்தது. சில மாதங்களில், அதே 2019 டிசம்பரில், அந்த மேல் முறையீட்டுக் குழுவே செயலற்றுப் போயிற்று. அதற்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்கவிடாமல் தடுத்தது யார்? அமெரிக்காதான். கோர்ட்டைப் பூட்டிவிட்டு அப்பீல் செய்தவர்களை இதற்கு முன் நாம் பார்த்ததில்லை.

இன்னொரு வகை ஒப்பந்தம் இருக்கிறது. அதில் கம்பெனியே ஒரு தேசத்தின் மேல் வழக்குப் போடலாம். மெக்சிகோவில் குவாதல்காசார் என்ற ஊர். அங்கே முந்திய கம்பெனி ஒன்று சுமார் 20,000 டன் விஷக் கழிவைக் கொட்டிப் புதைத்திருந்தது. மெட்டல்கிளாட் என்ற அமெரிக்கக் கம்பெனி 1993-ல் அந்த இடத்தை வாங்கிப் புதிய கழிவுக் கிடங்கு கட்டியது. மத்திய சர்க்கார் அனுமதித்தது. ஊராட்சி 1995-ல் மறுத்துவிட்டது. பழைய விஷத்தை அகற்றாமல் புதிய விஷத்திற்கு இடம் கொடுக்க எந்த ஊர் சம்மதிக்கும்? கம்பெனி வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. 2000 ஆகஸ்டில் மெக்சிகோ சுமார் 1 கோடியே 67 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிறகு கனடாவில் ஒரு கோர்ட்டு அதில் ஒரு பகுதியை ரத்து செய்தது. பெரும் பகுதி நின்றது.

எல் சல்வடார் என்ற சின்னஞ்சிறு நாட்டின் கதை இதைவிடக் கேவலம். லெம்பா நதிதான் அந்நாட்டு ஜனங்களின் முக்கியத் தண்ணீர். அந்த நதிப் பகுதியில் தங்கம் தோண்டக் கனடாக் கம்பெனி ஒன்று வந்தது. ஜனங்கள் எதிர்த்தார்கள், அனுமதி கிடைக்கவில்லை. கனடாவுக்கும் அந்த நாட்டுக்கும் வசதியான ஒப்பந்தம் இல்லை. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கேமன் தீவில் இருந்த தன் கிளையை 2007 டிசம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாகாணத்திற்கு மாற்றியது. அதாவது, அமெரிக்கக் கம்பெனி என்ற வேஷம் போட்டது. 2009-ல் வழக்கு. அந்த வேஷம் 2012-ல் கலைந்தது. ஆனால் எல் சல்வடாரின் சொந்த முதலீட்டுச் சட்டத்தின் பெயரால் வழக்கு தொடர்ந்தது. கேட்ட தொகை 25 கோடி டாலர். 2016 அக்டோபரில் கம்பெனி தோற்றது. நாட்டுக்கு 80 லட்சம் டாலர் செலவுத் தொகை கொடுக்க உத்தரவாயிற்று. 2017-ல் அந்நாட்டுச் சட்டசபை உலோகச் சுரங்கத்தையே தடை செய்தது. ஆனால் 2024 டிசம்பரில் அங்குள்ள பிற்போக்கு ஆட்சி அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. வெளியே வக்கீல்களால் பறிக்க முடியாததை உள்ளே இருந்தவர்கள் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஜெனீவாவையும் வாஷிங்டனையும் மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் போதாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

டீசல் மானியமும் கட்டுமரமும்

மறுபடி நமது கடலுக்கு வருவோம். 2022 ஜூனில் உலக வர்த்தக ஸ்தாபனம் மீன்பிடி மானிய ஒப்பந்தம் ஒன்றை ஏற்றது. 2025 செப்டம்பர் 15-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அப்போது இந்தியா அதை ஏற்றிருக்கவில்லை. கள்ளத்தனமாக மீன் பிடிப்பதற்கும், ஏற்கெனவே வற்றிப்போன மீன் இனங்களைப் பிடிப்பதற்கும் சர்க்கார் பணம் கொடுக்கக் கூடாது என்கிறது ஒப்பந்தம். இதை நாம் எதற்காக எதிர்க்க வேண்டும்? ஆனால் இது முதல் பாகம்தான். அளவுக்கு மீறிய படகுகளுக்கும் மீன்பிடிப்புக்கும் கொடுக்கும் மானியத்தைப் பற்றிய இரண்டாம் பாகம் 2024-ல் அபுதாபி மகாநாட்டில் முடிவாகாமல் நின்றுவிட்டது. தூரக் கடல்களுக்குக் கப்பல் அனுப்பி ஆழியைத் துடைத்து எடுக்கும் பணக்கார நாடுகளின் மானியமும், ராமேஸ்வரத்திலோ கடலூரிலோ பைபர் படகுக்குக் கிடைக்கும் டீசல் மானியமும் ஒரே தராசில் நிறுக்கப்படக் கூடாது. கடலைக் காலி செய்தவன் வேறு, கரையோரத்தில் காலைச் சோற்றுக்கு வலை போடுகிறவன் வேறு.

டில்லி சர்க்கார் இங்கே சிறு மீனவர் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறது. நல்லது. ஆனால் அதே வாயால், உள்நாட்டில் இழுவைப் படகு முதலாளிக்கும் பண்ணை முதலாளிக்கும் கொடுக்கும் சலுகையையும் சிறு மீனவர் கணக்கில் எழுத விடக் கூடாது.

நாம் எங்கே நிற்கிறோம்

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகளைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டுக் கரையில் அந்தப் பருவத்தில் ஆயிரத்திற்கு மேல் ஒதுங்கின. எந்த அமெரிக்கச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இது நமது கடலின் நோய்க்கு அடையாளம். கரையோரத்தில் இழுவை மடி ஓட்டக் கூடாத இடத்தில் ஓட்டினால் ஆமை சாகிறது. அதே இடத்தில்தான் கட்டுமரக்காரரின் வலையும் அறுபடுகிறது. ஆமையைக் கொல்லும் மடியும் ஏழை மீனவரின் வயிற்றில் அடிக்கும் மடியும் ஒன்றுதான்.

"ஆமைச் சட்டத்தை மாட்டினால் பிடிப்பு குறைந்துபோகாதா? படகுத் தொழிலாளிக்குப் பங்கு குறையாதா?" என்று ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. சோதனைகளில் இறால் இழப்பு மிகச் சொற்பம் என்றுதான் தெரிந்திருக்கிறது. பெரிய மீன் கொஞ்சம் தப்பிப் போகும். அந்த இழப்பையும் சட்டத்தின் விலையையும் யார் ஏற்பது என்பதுதான் பிரச்னை. பங்கு முறையில் வேலை செய்யும் படகில், முதலாளி செலவை முதலில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பங்கு போடுகிறார். சும்மா இருந்தால் ஆமைச் சட்டத்தின் விலையும் அந்தச் செலவில் ஏறிவிடும். ஆகவே சட்டத்தின் விலை ஏற்றுமதிக் கம்பெனியின் மேலும் சர்க்காரின் மேலும் விழ வேண்டும். தொழிலாளியின் பங்கில் கைவைக்கக் கூடாது என்று இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும்.

இன்னொரு தோழர், "அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத சுங்கம் போட்டபோது இறால் பண்ணை முதலாளிகள் நம்மையும் சேர்ந்து போராடக் கூப்பிட்டார்களே, போகலாமா?" என்று கேட்கிறார். ஏகாதிபத்தியத்தின் மிரட்டலை எதிர்க்க நாம் யாருடைய அழைப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மேடையில் நாம் ஏறுவதானால், பண்ணைத் தொழிலாளியின் சம்பளமும், இறால் உரிக்கும் பெண்களின் கூலியும், பக்கத்து ஊர்க் கிணறும் கோரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். அவற்றை முதலாளிகள் சேர்க்க மறுத்தால் நமது மேடை தனி மேடை.

இந்த அடிப்படையில் ஒரு கோரிக்கை நகல் தயாராகி இருக்கிறது. கரையோர எல்லைக்குள் இழுவைப் படகு வராமல் கண்டிப்பாகத் தடுப்பது. ஆமை விலக்குச் சட்டத்தை முழு மானியத்தில் கொடுப்பது. பண்ணை உள்ள ஒவ்வொரு பஞ்சாயத்திலும் வருஷத்திற்கு இரண்டு தடவை கிணற்று நீரைச் சோதித்து முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டுவது. வெளிநாட்டோடு செய்யும் எந்த வர்த்தக ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு முன்பே பார்லிமெண்டிலும், கடலோர மாநிலச் சட்டசபைகளிலும் வைப்பது. கிளைகள் இந்த நகலை மீனவர் குப்பத்திலும் விவசாயத் தொழிலாளர் தெருவிலும் தனித்தனியாக அல்ல, ஒரே கூட்டமாகக் கூட்டி வாசிக்க வேண்டும். திருத்தங்களை மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்திற்கு அனுப்பி வையுங்கள்.